அப்பாவுக்கு ஒரு பாட்டுப்பெட்டி: 15,000 ரூபாவுக்குள் எதைத் தெரிவுசெய்வது?

சுன்னாகத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: எழுபது வயதை நெருங்கும் அப்பாவுக்குக் கைத்தொலைபேசியில் பாட்டுக் கேட்க விருப்பமில்லை, பாட்டின் நடுவே அழைப்பு வருவதும், விரல் பட்டவுடன் திரை எங்கோ ஓடிவிடுவதும் அவருக்கு எரிச்சல். தேவாரம், கோவிலில் பதிவுசெய்த கந்தபுராணப் படிப்பு, தவில் நாதஸ்வரக் கச்சேரிகள், கொஞ்சம் பழைய சினிமாப் பாட்டு, இவ்வளவையும் கேட்பதற்குச் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு பிளேயர் வேண்டும். இயர்போனும் சேர்த்து 15,000 ரூபாவுக்குள் முடிய வேண்டும்.

முடியும். மெமரி கார்ட் போடும் இடமும், பார்க்காமலே விரலால் தடவி அறியக்கூடிய பொத்தான்களும், நிறுத்திய இடத்திலிருந்து தொடரும் வசதியும் உள்ள ஒரு சாதாரண பிளேயரை வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஒலித்தர எண்களுக்காக ஒரு ரூபாவும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். மிஞ்சும் காசை நல்ல கார்ட்டுக்கும் நல்ல இயர்போனுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சொல்வதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் விளம்பரத்தில் வராத சில்லறை விடயங்கள் என்பதால், அவற்றைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 1979 யூலையில் சோனி நிறுவனம் யப்பானில் வோக்மனை விற்பனைக்கு விட்டதும், 2001 ஒக்டோபரில் அப்பிள் ஐபொட்டை அறிமுகம் செய்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த வரிசையில் நடுத்தர விலைக்கு நல்ல பிளேயர் என்பது கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் பொருளாக நெடுங்காலம் இருந்தது. பின்னர் கைத்தொலைபேசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஐபொட் நனோவும் ஷஃபிளும் 2017இல் நிறுத்தப்பட்டன. எஞ்சியிருந்த ஐபொட் டச்சும் 2022 மே மாதத்துடன் முடிந்தது. இப்போது ஒரு பக்கத்தில் ஊர் பேர் தெரியாத மலிவான சீனப் பிளேயர்களும், மறுபக்கத்தில் ஒலித்தரப் பிரியர்களுக்கென்றே செய்யப்படும் விலையுயர்ந்தவையும் நிற்கின்றன. நடுவில் இருக்கும் சிலவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தைச் சுற்றியும் ஸ்டான்லி வீதியிலும் உள்ள கடைகளில் நீங்கள் காணப்போவது பெரும்பாலும் முதல் வகைதான்.

கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் யாராவது, "என்னிடம் பழைய ஐபொட் ஒன்று சும்மா கிடக்கிறது, அனுப்பிவிடுகிறேன்" என்று சொல்லக்கூடும். அன்போடு மறுத்துவிடுங்கள். அதில் பாட்டேற்றுவதற்கு ஐடியூன்ஸ் போன்ற மென்பொருள் வேண்டும். பென் டிரைவில் கோப்புகளை இழுத்துப் போடுவது போல அதில் போட முடியாது. பத்து வயதைத் தாண்டிய பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. அதே சொந்தக்காரரிடம் புதிய பிளேயர் ஒன்றை வாங்கி, ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது மிக நல்ல வழி. அதற்குரிய மாதிரிகளைக் கீழே சொல்கிறேன்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியின் சிம்மைக் கழற்றிவிட்டு, விமானப் பயன்முறையில் போட்டு, வி.எல்.சி. மென்பொருளை ஏற்றிப் பாட்டுக் கேட்பதுதான் உண்மையில் எல்லாவற்றிலும் மலிவான வழி. தமிழும் அதில் சரியாகத் தெரியும். உங்கள் தங்கையோ மகனோ கேட்டிருந்தால் இந்த இடத்திலேயே பதிலை முடித்திருப்பேன். அப்பாவின் சிக்கல் தொடுதிரையே என்பதால் அது இங்கே உதவாது.

இனி, பிளேயரில் பார்க்க வேண்டியவை. மெமரி கார்ட் இடம் இல்லாத பிளேயரை எவ்வளவு பெயர்பெற்ற நிறுவனம் செய்திருந்தாலும் வாங்காதீர்கள். சோனியின் என்.டபிள்யூ. இ394 கைக்கு அடக்கமான, நல்ல பொத்தான்களுள்ள பொருள். ஆனால் கார்ட் போட இடமில்லை. சான்டிஸ்கின் கிளிப் வரிசையில் பெயர்களே ஆளைக் குழப்பும்: கிளிப் ஸ்போர்ட்டிலும் கிளிப் ஜாமிலும் கார்ட் போடலாம், கிளிப் ஸ்போர்ட் பிளஸில் போட முடியாது. பெயரில் பிளஸ் இருப்பதால் அதுதான் மேலானது என்று நினைத்து வாங்கிவிட்டுத் தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும். கார்ட் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பாட்டுக்களை மாற்றப்போவது அப்பா அல்ல, நீங்கள். தேவாரத்துக்கு ஒரு கார்ட், புராணப் படிப்புக்கு ஒரு கார்ட் என்று வைத்துக்கொண்டால், கணினி இல்லாத வீட்டிலும் அவர் தானே மாற்றிப் போட்டுக்கொள்வார். கசெற் மாற்றிய தலைமுறைக்கு இது புதுப் பழக்கமே அல்ல.

பொத்தான்களைப் பற்றிச் சொல்வதானால், மலிவான பிளேயர்கள் பலவற்றில் முன்பக்கம் மொழுமொழுவென்று இருக்கும். பொத்தான் போலத் தெரிவது தொட்டால் இயங்கும் வெறும் குறி. வியர்த்த விரலுக்கு அது ஒருநேரம் கேட்கும், ஒருநேரம் கேட்காது. கடையில் பிளேயரைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் அடுத்த பாட்டுக்குப் போகவும் பாருங்கள். மூன்றையும் தடவியே செய்ய முடிந்தால் அது அப்பாவுக்கு ஏற்றது. ஒலியைக் கூட்டும் பொத்தானும் அடுத்த பாட்டுக்குப் போகும் பொத்தானும் ஒன்றாகவே இருந்து, நீண்ட நேரம் அழுத்தினால் ஒன்று, சட்டென்று அழுத்தினால் இன்னொன்று என்று வேலைசெய்யும் பிளேயர்களும் உண்டு. அவற்றைத் திரும்பியும் பார்க்க வேண்டாம்.

நிறுத்திய இடத்திலிருந்து தொடர்வது சினிமாப் பாட்டுக்குத் தேவையில்லாத வசதி. ஆனால் இரண்டு மணி நேரம் ஓடும் கந்தபுராணப் படிப்பை ஒரே கோப்பாக வைத்திருப்பவர், சூரபன்மன் வதைக்குக் கிட்ட வந்து நித்திரையாகிவிட்டு, மறுநாள் தொடக்கத்துக் காப்புச் செய்யுளிலிருந்து திரும்பத் தொடங்குவதென்றால் அந்தப் பிளேயரை மூன்றாம் நாள் தொடமாட்டார். அணைத்துப் போட்டால் கடைசிப் பாட்டை மட்டும் நினைவில் வைத்திருந்து, அதையும் தொடக்கத்திலிருந்தே பாடும் பிளேயர்கள் மலிவு வகையில் ஏராளம். சான்டிஸ்க் கிளிப்பில் ஓடியோபுக்ஸ் என்ற கோப்புறைக்குள் போடுபவற்றுக்கு நிறுத்திய இடத்தை நினைவில் வைக்கும் ஒழுங்கு இருக்கிறது. நீண்ட பதிவுகளை அதற்குள் போட்டுவிட வேண்டும். வாங்கும் பிளேயரில் இப்படி ஒன்றும் இல்லையென்றால், கணினியில் அவுடாசிட்டி என்ற இலவச மென்பொருளைக் கொண்டு நீண்ட பதிவைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, வரிசை எண் கொடுத்துப் போடுங்கள். பாட்டும் அதன் பொருளை விளக்கும் பயனும் மாறிமாறி வரும் படிப்பில், பயன் சொல்லி முடிக்கும் இடத்தில் வெட்டினால் கேட்பவருக்கு வெட்டுத் தெரியாது.

இப்போது நம்மவர்களைப் பெரிதும் வாட்டும் சிக்கல் ஒன்றுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எழுதும் பரிந்துரைகளில் இதைப் பெரும்பாலும் பார்க்க மாட்டீர்கள். மலிவான பிளேயரில் தமிழ்ப் பெயருள்ள கோப்பைப் போட்டால் திரையில் கட்டங்களோ கேள்விக்குறிகளோதான் வரும். கோப்பு பழுதாகவில்லை, கார்ட்டில் பெயர் ஒருங்குறியில் (யூனிகோட்) சரியாகத்தான் பதிந்திருக்கிறது, அதைக் காட்டுவதற்குரிய எழுத்துரு பிளேயருக்குள் இல்லை, அவ்வளவுதான். எழுத்துரு இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. கணினிக்குள் "கொ" என்ற எழுத்து, முதலில் "க", பிறகு ஒகரக் குறி என்ற ஒழுங்கிலேயே சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் போட்டுக் காட்டுவது மென்பொருளின் வேலை. அன்ட்ரொயிட் அதைச் செய்யும். சின்னப் பிளேயரின் மென்பொருள் செய்யாது. கொம்பு பின்னுக்குப் போய், புள்ளிகள் விலகி, "கோளறு பதிகம்" என்பது வாசிக்க முடியாத எழுத்துக் கூட்டமாக நிற்கும்.

நம் ஊரில் இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இங்கே தட்டச்சு செய்த பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில், அதாவது ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துருவில், செய்தவை. அக்காலத்தில் யாரோ பொறுமையாக உட்கார்ந்து பெயரிட்டுச் சேகரித்து வைத்த தேவாரக் கோப்புகள் இன்று கைக்குக் கிடைத்தால், அவற்றின் பெயர்கள் எந்தப் பிளேயரிலும், எந்தக் கணினியிலும், ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகவே தெரியும். இணையத்தில் உள்ள எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு அவற்றை ஒருங்குறிக்கு மாற்றலாம். ஆனால் மாற்றிய பிறகும் மலிவான பிளேயரில் கட்டங்கள்தான்.

ஆகவே நான் செய்வது இது. கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், தமிழை ஒலிப்பதற்குப் போதுமான அளவில், குறுகலாக எழுதிவிடுவேன். கோப்புக்குள் ஒட்டியிருக்கும் பாட்டு விவரத்தையும் திருத்த வேண்டும். இல்லையென்றால் பிளேயர் கோப்பின் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பெயரைக் காட்டும். எம்பி3 கோப்புகளின் பழைய விவர அமைப்பில் தலைப்புக்கு 30 பைட் மட்டுமே இடம் உண்டு. ஒருங்குறியின் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் போகும் என்பதால், பத்துக் குறிகளிலேயே தலைப்பு அறுந்துவிடும்; மெய்யும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்று எண்ணினால் அது ஆறேழு எழுத்துக்கு மேல் வராது. எம்பி3டாக் என்ற இலவச மென்பொருளில் ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே தடவையில் திருத்தலாம். இவ்வளவுக்கும் பொறுமையில்லாதவர்கள் விவரத்தை முழுவதுமாக அழித்துவிட்டு, வெறும் எண்களை மட்டும் வைத்து, எந்த எண்ணில் எது என்று ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்துவிடலாம். என் மாமி இரண்டு ஆண்டுகளாகக் கொப்பியோடுதான் கேட்கிறார். ஒரு குறையும் சொன்னதில்லை.

எண் கொடுக்கும்போது 1, 2, 3 என்று கொடுக்காமல் 01, 02, 03 என்றும், நூறைத் தாண்டுமென்றால் 001 என்றும் கொடுங்கள். இல்லையென்றால் ஒன்றுக்குப் பிறகு பத்தும் பதினொன்றும் வந்து, அதற்குப் பிறகே இரண்டு வரும். இன்னும் மலிவான பிளேயர்களுக்கு இந்த எண்ணும் விளங்காது: கார்ட்டில் எந்த ஒழுங்கில் கோப்புகள் எழுதப்பட்டனவோ அந்த ஒழுங்கிலேயே அவை பாடும். நீங்கள் முப்பது கோப்புகளை ஒன்றாகத் தெரிந்தெடுத்து ஒட்டினால், கணினி அவற்றை எழுதும் ஒழுங்கு நீங்கள் நினைத்ததாக இருக்காது. கார்ட்டை முழுவதும் அழித்துவிட்டு, வரிசைப்படி ஒவ்வொன்றாக, அல்லது கோப்புறை கோப்புறையாக ஏற்றுவதே இதற்கு மருந்து. திருப்பள்ளியெழுச்சி நடுச்சாமத்தில் வந்து நிற்பதை அப்பா பொறுத்துக்கொள்ளப் போவதில்லை.

கார்ட்டைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடையில் 128 ஜீ.பி. என்று அச்சிட்ட மெமரி கார்ட் ஒன்று நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தது. நம்பாமல் விட்டிருக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கேட்பதற்கென்று நாதஸ்வரக் கச்சேரிகளை மணிக்கணக்காக உட்கார்ந்து ஏற்றினேன். பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. முதல் நூறு பாட்டளவில் ஒழுங்காகப் பாடின. அதற்கு மேல் எதைத் தொட்டாலும் பிளேயர் ஒரு கணம் விக்கிவிட்டு அடுத்ததற்குத் தாவியது. பிறகு பரிசோதித்தபோது அதற்குள் இருந்தது 8 ஜீ.பி. மட்டும். இத்தகைய போலி கார்ட்டுகளின் உள்மென்பொருளை மாற்றி, கணினியிடம் 128 என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். கணினி நம்பி எழுதிக்கொண்டே போகும். உண்மையான இடம் முடிந்த பிறகு எழுதப்படுபவை ஒன்றில் தொலைந்துபோகும், அல்லது முன்னே இருந்தவற்றின் மேலேயே எழுதப்படும்.

இதைக் கண்டுபிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய இலவச மென்பொருள் இருக்கிறது. அது கார்ட் முழுவதையும் கோப்புகளால் நிரப்பி, திரும்ப வாசித்து, எழுதியது எழுதியபடியே இருக்கிறதா என்று ஒப்பிடும். பழைய கணினியில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே எடுக்கும், எடுக்கட்டும். கடைக்காரரிடம் வாங்கும்போதே, "சோதித்துப் பார்த்துப் பிழையென்றால் நாளைக்குக் கொண்டுவருவேன்" என்று சொல்லி, பற்றுச்சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வேறொரு கார்ட்டை எடுத்துத் தருபவர்களும் உண்டு. ஒன்றை மட்டும் தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம்: 32 ஜீ.பி. கார்ட்டைக் கணினி 29.8 என்று காட்டுவது மோசடி அல்ல. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 வீதம் எண்ணுகிறது. அந்த வேறுபாடுதான் அது.

நீங்கள் வாங்க வேண்டியதும் அந்த 32 ஜீ.பி. கார்ட்தான், பெரியது அல்ல. 32 வரைக்கும் உள்ள கார்ட்டுகள், கோப்புகளைப் பதிந்து வைக்கும் ஃபாட்32 என்ற பழைய ஒழுங்கில் வருகின்றன. அதை எல்லாப் பிளேயரும் வாசிக்கும். 64உம் அதற்கு மேற்பட்டவையும் வேறோர் ஒழுங்கில் வருவதால், மலிவான பிளேயர்களில் பல "கார்ட் இல்லை" என்று சொல்லிவிடும். இடம் போதுமா என்ற கவலை வேண்டாம். 128 கே.பி.பி.எஸ். அளவில் சுருக்கிய சாதாரண எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு எம்.பி. எடுக்கும், அந்தக் கணக்கில் 32 ஜீ.பி.யில் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். 320இல் வைத்தாலும் இருநூறு மணி நேரத்தைத் தாண்டும். படிப்பு, பிரசங்கம் போன்ற பேச்சுக் குரலை ஒற்றைத் தடத்தில் 64இல் வைத்தால் போதும். தரம் குறைந்ததாக யாருக்கும் படாது, ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கேட்கலாம்.

இந்த இடத்தில், பெட்டிகளில் பொன்னிறத்தில் ஒட்டியிருக்கும் உயர் ஒலித்தர முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 192 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்றெல்லாம் எழுதியிருக்கும். கிலோஹேர்ட்ஸ் எண் ஒலியைச் செக்கனுக்கு எத்தனை ஆயிரம் தடவை அளந்து பதிகிறார்கள் என்பது; அதில் பாதியளவு வரையான ஒலியைப் பிடிக்கலாம் என்பதால், இசைத்தட்டின் 44.1 கிலோஹேர்ட்ஸே 22,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிக்குப் போதுமானது; மனிதக் காதின் உச்ச எல்லை 20,000, அதுவும் இளமையில். எழுபது வயதுக் காதுக்கு அதில் மேற்பகுதி போயே போய்விட்டிருக்கும். அப்பா கேட்கப்போவதோ கசெற்றிலிருந்து எடுத்த பழைய பதிவுகள். இணுவிலிலும் அளவெட்டியிலும் வாழ்ந்த மேதைகளின் பதிவுகள், தவிலில் தட்சணாமூர்த்தி, நாதஸ்வரத்தில் பத்மநாதன் என்று இன்றும் நாம் போற்றிக் கேட்பவை, பெரும்பாலும் கை மாறிக் கை மாறிப் பிரதியெடுத்தவை. அவற்றில் இல்லாத ஒலியை எந்தப் பிளேயராலும் உண்டாக்க முடியாது. நல்ல மூலக் கசெற் ஒன்று உங்களிடம் இருந்தால், அதைக் கவனமாகக் கணினிக்கு மாற்றி, ஒலியில் எதையும் இழக்காத ஃபிளாக் வடிவத்தில் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்திவிட்டு, கேட்பதற்கு எம்பி3யாக ஒன்று எடுத்துக்கொள்வது, பத்தாயிரம் ரூபா கூடுதலாகக் கொடுத்துப் பிளேயர் வாங்குவதைவிட ஒலியை மேம்படுத்தும்.

ஒலி உண்மையில் மாறும் இடம் இயர்போன். பெட்டிக்குள் இலவசமாக வரும் இயர்போனைத் தூரப் போட்டுவிடுங்கள். கடையில் சோதிக்கும்போது சினிமாப் பாட்டைப் போட வேண்டாம். அது எதிலும் நன்றாகத்தான் கேட்கும். தவில் மட்டும் தனித்து வாசிக்கும் தனியாவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில், கூடு என்ற உறை போட்ட விரல்கள் விழுவது சொல் சொல்லாகப் பிரிந்து கேட்க வேண்டும். இடப்பக்கமான தொப்பியில் கழி விழும் அடி அதற்குக் கீழே தனியாக நிற்க வேண்டும். கீழ்ச்சுருதியை வேண்டுமென்றே தூக்கி வைத்த இயர்போன்களில் தொப்பியின் அடி ஊதிப் பெருத்து, மேலே உள்ள சொற்களை விழுங்கிவிடும். பிறகு நாதஸ்வரம் மேல் ஸ்தாயியில் நிற்கும் ஓர் இடத்தைக் கேளுங்கள். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில்; இயர்போன் அந்த இடத்தைத் துருத்திக் காட்டினால் நாதஸ்வரம் காதைக் கீறும், பத்து நிமிடத்துக்கு மேல் அப்பா கேட்கமாட்டார்.

காதுத் துளைக்குள் செருகும் வகை முதியவர்கள் பலருக்குப் பிடிப்பதில்லை. காதின் மேல் மெத்தையாக அமரும் சின்ன ஹெட்போன், மின்தடை 32 ஓம் அளவில் உள்ளது, எந்தச் சின்னப் பிளேயராலும் இலகுவாக இயங்கும். அதையே வாங்கச் சொல்வேன். 250 ஓம் என்று எழுதியிருப்பவை ஒலிப்பதிவுக் கூடத்துக்குரியவை. சின்னப் பிளேயரில் அவை முனகும். இன்னொன்றையும் கவனியுங்கள்: காது கொஞ்சம் மந்தமானவர்கள் தம்மை அறியாமலே ஒலியைக் கூட்டிவிடுவார்கள். வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடும் ஒவ்வொரு தடவையும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். பிளேயரின் அமைப்பில் உச்ச ஒலியைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால், கொடுப்பதற்கு முன்பே அதை வைத்துவிடுங்கள்.

பற்றரியைப் பற்றிப் பேசும்போது, போர்க்கால யாழ்ப்பாணத்தின் 1990களின் முற்பகுதி நினைவுக்கு வராமல் போகாது. மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் கசெற் கேட்ட வீடு எங்களுடையது. சுற்றுபவர் களைத்தால் பாட்டும் இழுபட்டு, பெண் குரல் ஆண் குரலாகிவிடும். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு, கட்டைவிரலளவு பிளேயர் ஒரு தடவை சார்ஜ் செய்தால் இருபது மணி நேரம் பாடுவது இன்னும் கொஞ்சம் அதிசயம்தான். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, கைத்தொலைபேசியின் சார்ஜை அழைப்புக்கென்று காப்பாற்றி வைத்துவிட்டு, இரவு முழுவதும் பாட்டுக் கேட்க முடிந்தது இந்தச் சின்னப் பொருளால்தான்.

பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கணக்கில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புங்கள். அந்த எண் குறைந்த ஒலியில், திரை அணைந்த நிலையில் எடுத்தது. புதிய பிளேயர்கள் சிலவற்றில் யூ.எஸ்.பி. சி துளை இருந்தும், இரண்டு முனையும் சி ஆக உள்ள வயரைச் செருகினால் சார்ஜ் ஏறாது. "பழுதான சாமான் தந்துவிட்டார்கள்" என்று கடைக்கு ஓட வேண்டாம்: செலவைக் குறைப்பதற்காக, சார்ஜரோடு பேசுவதற்குரிய இரண்டு சின்னத் தடையிகளை உள்ளே வைக்காமல் விட்டிருப்பார்கள். ஒரு முனை பழைய அகலமான யூ.எஸ்.பி.யாக உள்ள வயரில் ஏறும். அந்த வயர் ஒன்றையும் பழைய சார்ஜர் ஒன்றையும் பிளேயரோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

எஃப்.எம். வானொலி பெரும்பாலானவற்றில் இருக்கும்; இயர்போன் வயரே அதற்கு அன்ரெனா என்பதால் அதைச் செருகினால்தான் எடுக்கும். திருச்சி வானொலியை மத்திய அலையில் கேட்டுப் பழகியவர் அதை இதில் எதிர்பார்க்கக் கூடாது. புளூடூத் அப்பாவுக்குத் தேவையில்லை. சார்ஜ் போட வேண்டிய பொருள் ஒன்றுக்கு இரண்டாகும், அவ்வளவுதான்.

உங்கள் 15,000 ரூபாவை நானென்றால் இப்படிப் பிரிப்பேன்: பிளேயருக்கு எட்டு அல்லது ஒன்பதாயிரம், கார்ட்டுக்கு இரண்டாயிரம் சொச்சம், மிச்சம் நாலாயிரமும் ஹெட்போனுக்கு. ஊர்க் கடையில் வாங்குவதென்றால், தமிழ்ப் பெயருள்ள ஒரு கோப்பு, ஒரு மணி நேரப் படிப்பு ஒன்று, ஒரு தனியாவர்த்தனம் ஆகிய மூன்றையும் போட்ட கார்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். மேலே சொன்ன சோதனை எல்லாம் கடை மேசையிலேயே பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கார்ட்டைப் போட்டுப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால், சான்டிஸ்க் கிளிப் ஸ்போர்ட் அல்லது கிளிப் ஜாம், அதைவிட மலிவாக வேண்டுமென்றால் ருயிசு எக்ஸ்02. இன்னும் ஐந்தாறாயிரம் கூட்ட முடிந்தால் ஃபியோ நிறுவனத்தின் ஸ்னோஸ்கை எக்கோ மினி. பார்வைக்குப் பழைய கசெற் பிளேயரைப் போலவே செய்யப்பட்டிருப்பது, பொத்தான்களும் கார்ட் இடமும் உள்ளது, அப்பாவுக்கு அந்த வடிவமே பிடித்துப்போகலாம். தொடுதிரையுள்ள ஹைபி ஆர்1 போன்றவை நல்லவையே, ஆனால் அவை வேறு ஆளுக்குரியவை.

கையில் கொடுக்கும் முதல் நாளில் கார்ட் முழுவதையும் நிரப்பிக் கொடுக்க வேண்டாம். அவருக்கு மிகப் பிடித்த பத்துப் பதிகங்களை மட்டும் ஒரே கோப்புறையில் போட்டு, பட்டியலைப் பெரிய எழுத்தில் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து, "இது முடிந்துவிட்டது, வேறு இல்லையோ?" என்று அவராகவே கேட்கும்போது இரண்டாவது கார்ட்டை எடுத்துக் கொடுத்து, அதை எப்படி மாற்றிப் போடுவதென்று காட்டுங்கள்.